விருப்பமில்லையென்றால் விட்டுவிடலாம்

பெங்களூரில் படிக்கிற இரண்டு பெண்கள் ஒரு நாள் மதியம் எங்கள் வாட்ஸப் குழுவில் செய்தி போட்டார்கள். "வணக்கம் அக்கா, ஷிப்ட் வேலைக்குப் போகும் அம்மாக்களை இன்டர்வியூ எடுக்க விரும்புகிறோம். ஆர்வமுள்ளவர்கள் சொல்லுங்கள்." அவ்வளவுதான். எங்கள் ஓசூரில் இன்டர்வியூ என்றால் வேலைக்குத்தான். அரை மணி நேரத்துக்குள் பத்துப் பதினைந்து பேர் பயோடேட்டா அனுப்பிவிட்டார்கள். சம்பளம் எவ்வளவு, கம்பெனி பஸ் பாகலூர் ரோடு வழியாக வருமா, கேன்டீன் சாப்பாட்டுக்குப் பணம் பிடிப்பார்களா என்று கேள்விமேல் கேள்வி. ஒருத்தி தன் நாத்தனாருக்கும் சேர்த்து போட்டோ அனுப்பியிருந்தாள்.

பாவம் அந்தப் பெண்கள். "இல்லைக்கா, இது படிப்புக்காக, ஆய்வு" என்று விளக்கினார்கள். வேலை கிடையாது என்று தெரிந்ததும் எல்லாருக்கும் சந்தேகம் வந்துவிட்டது. வேலையும் கொடுக்காமல் இன்டர்வியூ எடுக்கிறவர்கள் யாராக இருக்க முடியும்? கடன் ஆப் ஆட்கள் என்றாள் ஒருத்தி. எச்.ஆர். அனுப்பிய உளவாளிகள் என்றாள் இன்னொருத்தி. ஒரு அம்மா கன்னடமும் தமிழும் கலந்து நீளமான வாய்ஸ் மெசேஜில் திட்டித் தீர்த்தார். திட்டில் பாதி எனக்கு. அவர்களைக் குழுவில் சேர்த்துவிட்டது அட்மினாகிய நான்தான்.

குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஷிப்ட் வேலைக்குப் போகிற அம்மாக்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடும் இடம் அது. சொந்தக்காரர்கள் ஊரில் இருப்பார்கள், நாங்கள் ஓசூரில் லைன் வீட்டில் இருப்போம். முதல் ஷிப்டுக்குக் காலை ஐந்து மணிக்கே பஸ் வந்துவிடும். பிள்ளையை யார் எழுப்பி, யார் தலைசீவி, யார் பள்ளிக்கு அனுப்புவது? அதனால் எதிர் எதிர் ஷிப்டில் இருக்கிற இரண்டு பேரை ஜோடி சேர்த்துவிடுவோம். காலையில் இரண்டாவது ஷிப்ட்காரி இரு வீட்டுப் பிள்ளைகளையும் கிளப்பி அனுப்புவாள். சாயந்தரம் முதல் ஷிப்ட்காரி அவர்களைக் கூட்டிவந்து சோறு போட்டு வைத்திருப்பாள். வேலை முடிந்து வருபவள் தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போவாள். வாரம் மாறினால் வேலையும் மாறும். திடீரென்று யாருக்காவது ஆள் வேண்டுமென்றால் குழுவில் போடுவார்கள். முடிந்தவர்கள் "நான் இருக்கறன்" என்று பதில் போடுவார்கள்.

குழுவில் நான்கு விஷயங்கள் கூடாது: சாதி, கட்சி, வட்டிக் கடன், குட் மார்னிங் படம். கடைசி விதியைத் தினம் யாராவது மீறுவார்கள். முதல் விதியை இதுவரை யாரும் மீறியதில்லை. வாடகைக்கு வீடு கேட்டுப் போகிற இடத்தில் எல்லாம் "நீங்க என்னா ஆளுங்க?" என்ற கேள்வியைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள் நாங்கள். இங்கேயாவது அந்தக் கேள்வி வேண்டாம் என்று விட்டிருந்தோம்.

எனக்கும் ஒரு ஜோடி இருந்தாள். பக்கத்துத் தெரு. பேக்கிங் செக்‌ஷனில் வேலை. என்னைவிட நாலைந்து வயது சின்னவள், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவள் பையன் அங்கன்வாடிக்குப் போகிறான், என் மகள் யூ.கே.ஜி. நாங்கள் ஜோடி சேர்ந்து இரண்டு வருஷம் இருக்கும். அவளுக்குத் தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஊர். வீட்டில் நிலம், போர்வெல், மாடுகள். யானை இறங்கி ராகியை மிதித்துவிட்டுப் போன கதையை அவள் சொன்னால் சினிமா பார்க்கிற மாதிரி இருக்கும். எனக்கு வேப்பனப்பள்ளிப் பக்கம். "உங்க ஊர்லயும் தோட்டம் இருக்குதாக்கா?" என்று ஆரம்பத்தில் கேட்டாள். "மாந்தோப்பு" என்றேன். பொய்யில்லை. யாருடைய மாந்தோப்பு என்று அவள் கேட்கவில்லை, காய் பறிக்கக் கூலிக்குப் போகிற குடும்பம் என்று நானும் சொல்லவில்லை. எங்கள் ஊருக்குப் பஸ் டிக்கெட்டில் ஒரே பெயர்தான். இறங்கியபிறகு வழி இரண்டாகப் பிரியும். எங்கள் வழி காலனிக்குப் போகும்.

அவள் கெட்டவள் இல்லை. ஒருமுறை என் வீட்டில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே, அறுவடைக்கு வருகிற ஆட்களுக்கு அவள் மாமியார் மாட்டுக்கொட்டாய்ப் பக்கம் உட்காரவைத்துக் களி போடுவதைச் சொன்னாள். குறையாகவும் சொல்லவில்லை, பெருமையாகவும் சொல்லவில்லை. மழை பெய்தது, வெயில் அடித்தது என்கிற மாதிரி சொன்னாள். என் அம்மா எத்தனையோ வீடுகளில் அப்படி உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். பேசாமல் அடுத்த பூண்டை எடுத்தேன். என் வீட்டுக்காரர் லாரி டிரைவர், போனால் வர நான்கு நாளாகும். அவள் இல்லையென்றால் நான் வேலைக்குப் போக முடியாது. அதைவிட, அவள் பையன் என் மேல் கால் போட்டுத்தான் தூங்குவான். அதையும் இழக்க எனக்கு மனசில்லை.

மாணவிகள் ஜோடிகளாகப் பேட்டி எடுக்க விரும்பினார்கள். குழுவில் திட்டு வாங்கிய பிறகு என்னிடம் தனியாகக் கேட்டார்கள். "அக்கா, நீங்களும் உங்க ஜோடியும் பேசினா மத்தவங்களும் நம்புவாங்க." யோசித்துச் சொல்கிறேன் என்று தள்ளிப்போட்டேன். அவர்கள் அவளிடமும் கேட்டிருக்கிறார்கள். அவள் எனக்கும் சேர்த்துச் சரி சொல்லிவிட்டாள்!

"ஞாயித்துக்கெழம உங்க வீட்டுக்கே வரச் சொல்லிட்டன்கா. நம்மளப் பத்தி எழுதப் போறாங்களாம். நான் பச்ச சேல கட்டிக்கட்டுமா?"

"போட்டோ எடுக்க மாட்டாங்க புள்ள. குரலு மட்டுந்தான்."

"பரவால்ல, கட்டிக்கறன்."

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். இருந்த ஒரே காரணத்தை அவளிடம் சொல்ல முடியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பெருக்கித் துடைத்து, பாய் விரித்து வைத்தேன்.

இரண்டு பேரும் வந்தார்கள். ஒருத்தி கோயம்புத்தூர்ப் பெண், கேள்வி கேட்பவள். இன்னொருத்தி கன்னடத்துப் பெண், தமிழ் புரியும், எழுதிக்கொள்பவள். செருப்பை வாசலில் நேராக வைத்துவிட்டு உள்ளே வந்ததிலேயே எனக்குப் பிடித்துப்போனது. எங்கள் பெயர் எங்கும் வராது, வேறு பெயர் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். என் ஜோடிக்கு ஒரே குஷி. எனக்கு ஒரு நடிகை பெயரை வைத்தாள். தனக்கு ஊரில் இருக்கிற தன் பசுவின் பெயரை வைத்துக்கொண்டாள். அதைக் கேட்டு அந்தக் கன்னடத்துப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

போனைப் பாயின் நடுவில் வைத்துப் பதிவு செய்தார்கள். எந்தக் கேள்வி பிடிக்கவில்லையென்றாலும் விருப்பமில்லை என்று சொல்லலாம், ஏன் என்று கேட்க மாட்டோம் என்று முதலிலேயே சொன்னார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். கேள்விகளும் நல்ல கேள்விகள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் லீவு போடுவீர்கள்? உங்களுக்குள் சண்டை வந்தால் பிள்ளைகளை என்ன செய்வீர்கள்? அவள் சொன்னாள், "சண்ட போட்டுகினே புள்ளயக் குடுப்போம்." அது உண்மை. ஒரு முழு வாரம் முகம் கொடுத்துப் பேசாமல் பிள்ளைகளை மட்டும் கைமாற்றியிருக்கிறோம். "அக்கா எனக்குக் கூடப் பொறந்த மாதிரி" என்றும் சொன்னாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படியே முடிந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

"கடைசியா உங்க குடும்பத்தைப் பத்திக் கொஞ்சம்" என்று ஆரம்பித்தாள் அந்தப் பெண். படிப்பு, சொந்த ஊர், நிலம். பிறகு, "என்ன கம்யூனிட்டின்னு சொல்ல முடியுமாக்கா? விருப்பமில்லைன்னா விட்டுடலாம்."

முதலில் கேட்டது என் ஜோடியை. அவள் பிளட் குரூப் சொல்கிற மாதிரி சட்டென்று சொல்லிவிட்டாள். குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு வேணாம்மா" என்றேன்.

"பரவாயில்லைக்கா" என்று சிரித்துத் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். அவளைப் பொறுத்தவரை மரியாதையாக ஒரு கேள்வியை விட்டுக்கொடுத்தாள். எங்கள் பக்கம் அதற்கு என்ன பொருள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? பெருமையாகச் சொல்லிக்கொள்ள இருக்கிறவர்கள் கேட்பதற்கு முன்பே சொல்வார்கள். வேண்டாம் என்கிறவர்கள் எந்தப் பக்கத்து ஆட்கள் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வேறு எதையாவது வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கலாம். அது எனக்கு வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் பச்சைச் சேலையின் முந்தானை நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பேட்டி முடிந்ததும், துணி காயப்போட்டது அப்படியே இருக்கிறது என்று பையனைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மறுநாள் எனக்கு முதல் ஷிப்ட், அவளுக்கு இரண்டாவது. என் மகளை விடிவதற்குள் அவள் வீட்டில் விட வேண்டும். ஞாயிறு சாயந்தரமே அவளிடமிருந்து செய்தி வந்தது. "அத்தை வந்துட்டாங்க. இந்த வாரம் பையனை அவங்க பாத்துக்குவாங்க." என் மகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திரும்பத் திரும்பப் படித்தேன். இதற்குமேல் என்ன எழுத வேண்டும்? எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள்மேல் பாதி, அந்த மாணவிகள்மேல் பாதி. பிறகு என் வாயின்மேலும் கொஞ்சம்.

போய்க் கதவைத் தட்டிக் கேட்டிருக்கலாம். உள்ளே அவள் மாமியார் இருப்பார். அந்த வாசலில் நின்று கேட்க என் கால் போகவில்லை. குழுவை ஆரம்பித்ததிலிருந்து நான் ஆள் வேண்டும் என்று போட்டதே கிடையாது. அன்றைக்குப் போட்டேன். "எனக்குக் காலை நேரத்துக்கு ஆள் வேண்டும்." உடனே ஏழெட்டுப் பேர் "நான் இருக்கறன்" என்றார்கள். மாணவிகளைச் சேர்த்ததற்காக என்னைத் திட்டிய அந்தக் கன்னடம் பேசும் அம்மாவும் அதில் ஒருவர். அவர் வீடுதான் பஸ் நிற்கும் இடத்துக்கு அருகில். என் மகளை அங்கே விட்டேன். அம்மா நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். ஆனால் மகள் தினமும் ஒரே கேள்வி கேட்டாள், "தம்பி எங்கம்மா?" ஊருக்குப் போயிருக்கிறான் என்றேன். கம்பெனியில் லைனில் உட்கார்ந்து சர்க்யூட் போர்டு சோதிக்கும்போது கை தன்பாட்டுக்கு வேலை செய்தது, மனசு எங்கேயோ இருந்தது. இந்த வாரம் ஓடிவிடும். வருஷம் முழுவதும் யார் பார்ப்பார்கள்? வேலையை விடுவதைப் பற்றிக்கூட யோசித்துப் பார்த்தேன். ஆனால் ராத்திரி பாயில் படுத்தால் வேலை நினைவுக்கு வரவில்லை. மேலே கால் போட ஆளில்லாதது உறுத்தியது. அவள் பையனை அவ்வளவு தேடுவேன் என்று நானே நினைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு மதியம் அவளே வந்தாள், பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு. அவன் என்னைப் பார்த்ததும் இறங்கி ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டான். அவள் வாசலிலேயே நின்றாள்.

"குரூப்ல எதுக்குக்கா போட்ட? என்ன ஒரு வார்த்த கேக்க மாட்டியா?"

"நீ பையன மட்டும் எழுதின. பாப்பாவப் பத்தி எழுதல."

"அத்த நெசமாலுமே வந்திருந்தாங்க. ஆஸ்பத்திரில கண்ணு காட்டறதுக்கு. நேத்துதான் பஸ் ஏத்தி உட்டன்."

"சரி. அதுக்காக மட்டுந்தானா?"

"அதுக்காக மட்டும் இல்ல" என்றாள். "அன்னிக்கு நீ வேணாம்னு சொன்னதும் எனக்குத் தெரிஞ்சிடுச்சி. ஒரு மாதிரி ஆயிடுச்சிக்கா. ரெண்டு வருஷமா எங்கிட்ட சொல்லலயேன்னு இருந்துச்சி. வூட்ல தெரிஞ்சா என்னா ஆவும்னு இருந்துச்சி. வாரம் பூரா அதான் யோசன."

"யோசிச்சி என்னா முடிவு பண்ணின?"

"என்னா முடிவு? நாளைக்கு எனக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட்டுக்கா."

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. கட்டிக்கொண்டு அழுவாள் என்றோ, மூஞ்சியில் அடித்த மாதிரி ஏதாவது சொல்வாள் என்றோ வாரம் முழுக்க நினைத்து வைத்திருந்தேன். இரண்டும் இல்லை. ஆனால் அவள் அதோடு நிற்கவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, ரொம்ப அக்கறையாகச் சொன்னாள்.

"அத்த என்னிக்காவது வந்து கேட்டா, நீயும் எங்க ஆளுங்கதான்னு சொல்லிடுக்கா. ஒரு பிரச்சனயும் இல்ல."

அவள் அதை ஒரு சீர் மாதிரிதான் நீட்டினாள். எனக்கு அது தெரிந்தது. தெரிந்ததால் இன்னும் வலித்தது. "கேட்டா கேக்கட்டும். நான் அப்பிடிச் சொல்ல மாட்டன்" என்றேன். "இத்தன நாள் பேசாம இருந்தன். பொய் சொன்னதில்ல, இனிமேலும் சொல்ல மாட்டன். அதுக்கு மேல உன் இஷ்டம். பையன இப்பவே தூக்கினு போனாலும் சரி."

சொல்லும்போது என் கை அவன் தலையில் இருந்தது. தூக்கிக்கொண்டு போய்விடுவாளோ என்று பயமாக இருந்தது. அவள் எழுந்து, "காலைல சட்டையும் டப்பாவும் கொண்டாந்து குடுக்கறன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் விடியும் முன் பையனோடு அவற்றையும் கொண்டுவந்து விட்டாள். எங்கள் ஜோடி பழையபடி ஓடத் தொடங்கியது. கன்னடத்து அம்மாவுக்கு என் மகளை அனுப்பாதது வருத்தம். அதையும் ஒரு வாய்ஸ் மெசேஜில் சொன்னார்.

அந்த மாணவிகள் இன்னொருமுறை வருவதாக முன்பே சொல்லியிருந்தார்கள். ஒரு மாதம் கழித்து அதேபோல ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். அதற்குள் எங்களைப் பார்த்து இன்னும் சில ஜோடிகள் பேச ஒப்புக்கொண்டிருந்தன. பாயின் நடுவில் போனை வைத்தார்கள். கோயம்புத்தூர்ப் பெண் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் சொன்னேன். "போன தடவ ஒரு கேள்விய உட்டுட்டுப் போனியேம்மா. அத இப்பக் கேளு."

அந்தப் பெண்ணுக்கு முதலில் பிடிபடவில்லை. கன்னடத்துப் பெண் பழைய தாளைப் பார்த்துவிட்டு அவள் காதில் ஏதோ சொன்னாள். "அக்கா, கண்டிப்பா சொல்லணும்னு இல்ல" என்றாள் கோயம்புத்தூர்ப் பெண். "தெரியும். கேளு" என்றேன். கேட்டாள். சொன்னேன். என் சாதியைச் சொன்னேன். எங்கள் தெரு ஊரின் எந்தப் பக்கம் என்று சொன்னேன். மாந்தோப்பு யாருடையது, அதில் என் அப்பா அம்மாவுக்கு என்ன வேலை என்றும் சொன்னேன். ஓசூருக்கு வந்தபிறகு அதை நான் வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான். சொல்லி முடித்ததும் உடம்பு லேசாக இருந்தது. சந்தோஷமாகவே இருந்தது.

என் ஜோடி பக்கத்தில்தான் இருந்தாள். என்னைப் பார்க்கவில்லை, எழுந்தும் போகவில்லை.

பழைய கேள்விகளில் விட்டுப்போனதையெல்லாம் கேட்டுவிட்டு, அந்தப் பெண் அவள் பக்கம் திரும்பினாள். "உங்க மாமியார் வீட்டுல, ஊர்ல, பையனை யார் பாத்துக்கறாங்கன்னு தெரியுமாக்கா? அவங்ககிட்ட அக்காவைப் பத்தி என்ன சொல்லியிருக்கீங்க?"

என் மகளும் அவள் பையனும் கதவோரம் ஒரே தட்டில் முறுக்கைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். என் ஜோடி அவர்களைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். போன முறை பசுவின் பெயரைச் சொல்லிச் சிரித்த முகம் சிவந்துபோயிருந்தது.

"அந்தக் கேள்வி எனக்கு வேணாம்மா" என்றாள்.

"பரவாயில்லைக்கா" என்று அந்தப் பெண் சிரித்துத் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். அந்த அறையில் இருந்தவர்களில் மாணவிகள் இருவருக்கு மட்டும்தான் பதில் தெரியாது. எனக்கு வருத்தமாக இருந்தது, என் ஜோடிக்காகவும் எனக்காகவும். ஆனால் அவளிடம் ஏன் என்று நானும் கேட்கவில்லை.